அன்னாசி பாய்க்கு ஒரு காலிச் சுவர்

பாய்,

இன்று காலை உங்கள் கிடங்கின் கதவைத் திறந்ததும் அந்த வாசனை முகத்தில் வந்து அடித்தது. கடைசிக் கூடை இறங்கி ஐந்து மாதம் ஆகிறது. தரையை மெழுகி, சுவருக்குச் சுண்ணாம்பு அடித்து, வைக்கோலை வாரி வெளியே கொட்டிய பிறகும் அன்னாசியின் புளிப்பும் இனிப்பும் போகமாட்டேன் என்று உத்தரத்தில் உட்கார்ந்திருக்கின்றன. நீங்கள் இருந்திருந்தால், "வாசனைக்கும் வாடகை வாங்கிடலாம் டீச்சரம்மா" என்று சொல்லியிருப்பீர்கள். நான் சிரிக்காமல் இருக்கப் பார்த்துத் தோற்றிருப்பேன்.

இன்று உங்கள் கண்காட்சியின் முதல் நாள். இப்போது சாயங்காலம், கூட்டம் கலைந்துவிட்டது. நான் உங்களுக்காக வரைந்த பலகைகளும் இதற்கென்றே புதிதாக வரைந்த படங்களுமாக மூன்று சுவர்கள் நிறைந்திருக்கின்றன. கதவுக்கு நேர் எதிரே இருக்கிற நடுச்சுவர் மட்டும் காலி. அந்தக் காலிச் சுவருக்காக நான் பட்ட பாட்டைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். நீங்கள் படிக்கப் போவதில்லை என்பது தெரியாமல் இல்லை. ஆனால் ஒரு காரியத்தைச் செய்துவிட்டு உங்களிடம் சொல்லாமல் இருந்து எனக்குப் பழக்கமில்லை. ஒரே ஒரு காரியத்தை மட்டும் மறைத்தேன். அதையும் இதிலேயே சொல்லிவிடுகிறேன்.

நீங்கள் முதன்முதலில் எங்கள் பெண்கள் பள்ளிக்கூடத்துக்கு வந்தபோது சுதந்திரம் வந்து நான்கைந்து வருஷம் ஆகியிருக்கும். வாசலில் ஜட்கா நின்றது. குதிரை வண்டியில் மோட்டார் ஹாரன் கட்டி அடித்த முதல் மனிதர் இந்தத் திருவள்ளூரிலேயே நீங்களாகத்தான் இருப்பீர்கள். பாம் பாம் என்ற சத்தத்துக்கு என் வகுப்புப் பெண்கள் மொத்தமும் ஜன்னலுக்கு ஓடினார்கள். மஞ்சள் சாட்டின் கோட்டு, பச்சை வெல்வெட் தொப்பி, இரண்டு கக்கத்திலும் ஒவ்வொரு அன்னாசி. பழமே பழத்தைத் தூக்கிக்கொண்டு வருகிறது என்று ஒரு பெண் சொல்ல, நான் அவளை அதட்டிவிட்டுத் திரும்பி நின்று சிரித்தேன்.

"ட்ராயிங் டீச்சரம்மா நீங்கதான? மலையாளத்துலேர்ந்து ரயில்ல பழம் கொண்ணாந்து எறக்கிக்கினு கீறேன். ஜனங்க வாங்கிக்கினு போயி இன்னா பண்றதுன்னு தெரியாம முழிக்குதுங்கோ. பொன்னேரில ஒரு அம்மா தோலோட கொயம்புல போட்டுட்டு என்ன ஏசுது. எப்பிடி வெட்டறதுன்னு நீங்கதான் படமா போட்டுக் காட்டணும்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை, திக்கென்றது. ஏனென்றால் அதற்கு முந்தின வெள்ளிக்கிழமைதான் காக்களூரில் எங்கள் அத்தை வீட்டில் அந்தக் கூத்து நடந்திருந்தது. சந்தையில் உங்களிடம் வாங்கிய பழத்தைக் கொண்டுபோய் அத்தை நன்றாகக் கழுவி, மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, பித்தளைச் சொம்பின்மேல் உட்காரவைத்துப் பூஜை போட்டுவிட்டாள். கலசத்துக்குத் தேங்காயும் மாவிலையும் தனித்தனியாகத் தேட வேண்டாமாம். "தலையில எலைய வெச்சுக்கினே வருதேடி, சாமிக்குன்னுதான அந்த பாய் கொண்ணாந்திருப்பாரு" என்றாள். நெல் விளைவிக்கிற குடும்பம், காணாததைக் கண்டால் முதலில் கும்பிட்டுவிடும்.

தயங்கித் தயங்கி இதைச் சொன்னேன். கோபித்துக்கொள்வீர்களோ, எங்கள் வழக்கத்தைப் பற்றி ஏதாவது நினைப்பீர்களோ என்று பயந்தேன். நீங்கள் பள்ளிக்கூடத்துப் படியிலேயே உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தீர்கள்.

"நம்ம பழம் சாமியா ஆயிப்போச்சா! ஐயோ, சாமிய எவன் வெட்டித் துன்னுவான்? யாவாரமே பேஜாராயிடும். சீக்கிரம் படத்தப் போடுங்க டீச்சரம்மா!"

அப்படித்தான் நான் உங்கள் ஓவியக்காரி ஆனேன். நீங்கள் என்னைச் சும்மா வரையவிடவில்லை. முதலில் ஒரு டஜன் பழத்தை நானே வெட்ட வேண்டும் என்றீர்கள். கொண்டையைத் திருகி எடுக்க வேண்டும், தோலைச் சீவ வேண்டும். பிறகு அந்தக் கண்களை ஒவ்வொன்றாகத் தோண்டாமல், அவை சாய்வாக ஓடுகிற வரிசையிலேயே கத்தியை இறக்கி வாய்க்கால் வெட்டுவது மாதிரி எடுக்க வேண்டும். அந்தச் சாய்வு எனக்கு ஏழாவது பழத்தில்தான் பிடிபட்டது. தின்று தின்று நாக்கு வெந்துபோயிற்று. மூன்று நாள் பாடம் நடத்தும்போது பெண்கள் என் பேச்சைக் கேட்டுச் சிரித்தார்கள். "வாய் புண்ணாகாத வரைஞ்ச படத்த எவனும் நம்பமாட்டான்" என்று நீங்கள் சொன்னதை அன்று திட்டினேன். இன்றைக்கும் நான் பார்க்காத, தொடாத ஒன்றை வரைவதில்லை.

பலகைகள் போட்டோம். ஐந்து கட்டம், ஐந்தாவது கட்டத்தில் உப்பும் மிளகாய்த்தூளும் தூவிய வட்டத் துண்டுகள். படத்தில் கத்தி பிடித்திருக்கிற கை என் கை, கண்ணாடி வளையலோடு. பாய் கடைப் பலகையில் நம் வீட்டுப் பெண்ணின் கையா என்று காக்களூரில் பேசினார்கள். அத்தையே பதில் சொல்லிவிட்டாள், "கைதான, தேஞ்சா பூடும்?" பள்ளிப்பட்டுக்கு ஒரு பலகை போனது. அங்கே கடைக்காரர், "படமே துன்னலாம் போல கீது நைனா" என்று சொன்னதாக வந்து சொல்லி, என்னைவிட நீங்கள்தான் அதிகம் பூரித்தீர்கள். இரண்டே வருஷத்தில் இந்தப் பக்கத்துச் சந்தைகளில் அன்னாசி தெரியாத ஆள் இல்லை. உங்கள் மஞ்சள் கோட்டு தெரியாத ஆளும் இல்லை.

அதற்குப் பிறகுதான் நான் அந்தத் தப்பைச் செய்தேன். ஊரில் எல்லாக் கடைப் பலகையிலும் முதலாளி முகம் சிரிக்கிறது. இத்தனை ஜோராகத் திரிகிற மனிதருக்கு ஏன் இல்லை என்று நானே யோசித்து, நானே முடிவெடுத்து, கிடங்கின் வாசல் பலகையில் உங்களை வரைந்துவிட்டேன். தொப்பி, கோட்டு, இரண்டு கக்கத்திலும் பழம், முகம். நீங்கள் சந்தோஷத்தில் குதிப்பீர்கள் என்று துணி போட்டு மூடிவைத்து, நீங்கள் வந்ததும் விலக்கினேன்.

நீங்கள் அப்படியே உட்கார்ந்து, தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, யாருக்கும் கேட்காத குரலில் சொன்னீர்கள்.

"தப்பா நெனச்சுக்காதீங்க டீச்சரம்மா. எங்க ஊட்ல உருவம் மாட்ற வயக்கம் இல்ல. என் வாப்பாவுக்குக் குடுத்த வாக்கு. நானு கோட்டு மாட்டிக்கினு கோமாளி மாதிரி திரியறது பழத்துக்கு. மூஞ்சி ஆண்டவன் குடுத்தது. அத்த நானு விக்கமாட்டேன்."

நான் அங்கேயே வண்ணம் குழைத்து உங்கள் முகத்தின்மேல் ஒரு பெரிய அன்னாசியை வரைந்தேன். நீங்கள் பக்கத்தில் நின்று, "கொண்டைய இன்னும் கொஞ்சம் ஸ்டைலா" என்று என்னைச் சிரிக்கவைக்கப் பார்த்தீர்கள். எனக்கு அழுகைதான் வந்தது.

மறைத்த காரியம் இதுதான். அந்தப் பலகையை வரைவதற்கு முன்னால் பென்சிலில் ஒரு தாளில் உங்கள் முகத்தை வரைந்து பார்த்திருந்தேன். நீங்கள் தராசுக்காரரோடு பேசிக்கொண்டிருந்தபோது, உங்களுக்குத் தெரியாமல். அந்தத் தாளை நான் கிழிக்கவில்லை. வண்ணப் பெட்டியின் அடியில் வைத்துப் பூட்டிவிட்டேன்.

போன மார்கழியில் நீங்கள் ரயிலை விட்டு இறங்கி, மார்பைப் பிடித்துக்கொண்டு பிளாட்பாரத்திலேயே உட்கார்ந்துவிட்டீர்கள் என்று உங்கள் ஜட்காக்காரர்தான் வந்து சொன்னார். அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. உங்கள் ஊரான பழவேற்காட்டுக்கு உங்களைக் கொண்டுபோனார்கள். நான் பள்ளிக்கூட வாசலில் நின்று வண்டி போவதைப் பார்த்தேன். ஹாரன் அடிக்கவில்லை.

"போர்டெல்லாம் ஒரு நாளு ஒண்ணா மாட்டணும். டிக்கெட்டு வாணாம், வர்றவங்களுக்கு ஆளுக்கு ஒரு துண்டு பழம்" என்று நீங்கள் சொல்லிக்கொண்டே இருப்பீர்கள். சொன்னவர் போய்விட்டார், கேட்டவள் இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பஸ்ஸில் போய் ஊர் ஊராகப் பலகை சேர்த்தேன். கும்மிடிப்பூண்டியில் ஒன்று கோழிக்கூட்டுக்குக் கதவாக இருந்தது. தரமாட்டேன் என்ற அந்த அம்மாவுக்கு வேறு கதவு செய்து கொடுத்து வாங்கி வந்தேன். மூன்றாவது கட்டத்தைக் கோழி கொத்தியிருக்கிறது. அப்படியே மாட்டியிருக்கிறேன்.

கிடங்கை இப்போது நெல் மில் முதலாளி வாங்கியிருக்கிறார். மனிதர் முதலில் நல்லபடியாகத்தான் இருந்தார். மூன்று நாளைக்கு இடம் தந்தார், உட்கார பெஞ்சுகள் தந்தார், திறந்துவைக்கப் பட்டணத்திலிருந்து ஒரு அதிகாரியை அழைப்பதாகவும் சொன்னார். "நடுவுல பாய் மூஞ்சி பெருசா இருக்கணும், மால போடணும்" என்றார். போட்டோ ஒன்றுகூட இல்லையே என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். என் வாய் சும்மா இருக்குமா? என்னிடம் ஒரு பென்சில் படம் இருக்கிறது என்று பெருமையாகச் சொல்லிவிட்டேன். அவர் பிடித்துக்கொண்டார். அதைப் பார்த்துப் பெரிதாக எண்ணெய் வண்ணத்தில் வரைய வேண்டும், இல்லையென்றால் அதிகாரி வரமாட்டார், இடமும் யோசிக்க வேண்டியதுதான் என்றார்.

அவர்மேல் மட்டும் பழி போட்டால் அது பொய். எனக்கும் ஆசை இருந்தது. உங்கள் குரல் எனக்கு மறக்கவில்லை. முகம்தான் கொஞ்சம் கொஞ்சமாக நழுவிக்கொண்டிருந்தது. மச்சம் வலது புருவத்திலா, இடது புருவத்திலா என்று ஒரு நாள் முழுக்கத் தவித்து, கடைசியில் பெட்டியைத் திறந்து பார்த்துத்தான் நிம்மதி அடைந்தேன். உலகத்தில் உங்கள் முகம் இருக்கிற ஒரே இடம் என்னிடம் இருக்கிற ஒரு தாள். அது செல்லரித்துவிட்டால்? எனக்கே பயமாக இருந்தது. படத்துக்கான துணியைச் சட்டத்தில் இழுத்துக் கட்டினேன். மூன்று நாள் வரைந்தேன். கண்ணுக்கு வெள்ளைப் புள்ளி வைத்ததும் நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். அந்தப் பார்வை பிரமாதமாக வந்திருந்தது, பாய். ஓவியக்காரியாக எனக்கு அதில் கர்வம். ஆனால் "அத்த நானு விக்கமாட்டேன்" என்ற உங்கள் பேச்சும் கூடவே கேட்டது.

அடுத்த ஞாயிறு பழவேற்காட்டுக்குப் போனேன். உங்கள் மனைவியை அதுவரை நான் பார்த்ததில்லை. என்னை யாரென்று சொன்னதும், "வளையல் கையா? உள்ள வாங்க" என்றார். பேச விடாமல் முதலில் இடியாப்பமும் தேங்காய்ப்பாலும் வைத்தார். "நாஷ்டா பண்ணிட்டுப் பேசலாம், பேச்சு எங்க ஓடிப்பூடுது." நான் அவரை அக்கா என்று கூப்பிட்டேன். தராசடியில் உங்களுக்குத் தெரியாமல் வரைந்த தாள் உட்பட எல்லா விஷயத்தையும் சொன்னேன்.

அக்கா தேங்காய்ப்பால் கிண்ணத்தை ஓரமாக நகர்த்தி வைத்தார். "அவங்க கண்ணு கூசறாப்பல துணி போட்டுக்கினு சுத்துறாங்கன்னு நானே எத்தினியோ சண்ட போட்டுகிறேன். பேர வெச்சுக்கங்க, பழத்த வெச்சுக்கங்க, கோட்டக் கூட சொவத்துல மாட்டுங்க. மூஞ்சி மட்டும் வாணாம் டீச்சரம்மா. அது ஒண்ணுதான் அவங்க வெளிய குடுக்காத வெச்சது. மவுத்தாப் போனவங்க எந்திரிச்சு வந்து வாணாம்னு சொல்ல முடியாதே."

நான் பையிலிருந்து பென்சில் படத்தை எடுத்தேன். அவர் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். "உள்ள வையுங்க. நா பாக்கல."

திரும்பி வருகிற பஸ்ஸில் எனக்குக் கோபம் கோபமாக வந்தது. ஆறு வருஷம் உங்களோடு வேலை பார்த்தவள் நான், உங்களை வரையத் தெரிந்த ஒரே ஆள் நான், எனக்கு உரிமை இல்லையா என்று ஜன்னல் கம்பியோடு சண்டை போட்டுக்கொண்டே வந்தேன். பொன்னேரி தாண்டுவதற்குள் அந்தக் கோபம் வெட்கமாக மாறிவிட்டது. நீங்கள் உயிரோடு இருந்தபோது ஒரு தடவை கேட்காமல் வரைந்தேன். இப்போது கேட்டுவிட்டு, கிடைத்த பதிலை மீறப் பார்க்கிறேன். எது பெரிய தப்பு என்று எனக்கே தெரிந்தது.

வீட்டுக்கு வந்ததும் டர்ப்பன்டைனில் நனைத்த துணியால் உங்கள் கண்ணிலிருந்து துடைக்க ஆரம்பித்தேன். கண்ணை முதலில் அழித்துவிட்டால் மற்றதை அழிப்பது சுலபமாக இருக்கும் என்று நினைத்தேன். சுலபமாக இல்லை. முழுக்க அழித்துவிட்டு, படத்துணியைக் கிழித்து அடுப்பில் போட்டேன். மில் முதலாளியிடம் நேரே போய், முகம் கிடையாது, கண்காட்சி உண்டு என்றேன்.

"மூஞ்சி இல்லாத இன்னா எக்ஸிபிஷன்? நடுச் சொவர எதுக்கு காலியா உட்டுக்கினு? ஜனங்க சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும். மூன்று நாளைக்கு இடம் தருவதாக வாக்குக் கொடுத்தீர்கள். வாக்கு மாறினால் பலகைகளை உங்கள் மில் வாசலில், ரோட்டில் வைத்து நடத்துவேன்."

அவருக்கு அது பிடிக்கவில்லை. இடத்தைப் பிடுங்கவில்லை, ஆனால் இன்று காலை ஆள் அனுப்பிப் பெஞ்சுகளை மட்டும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். அதிகாரியும் வரவில்லை. நான் உங்கள் பழக்கூடைகளைக் கவிழ்த்துப் போட்டேன். ஜட்காக்காரர் வண்டியைக் கதவுக்கு நேராக நிறுத்தி, ஹாரனை மூன்று தடவை அடித்தார். அதுதான் திறப்பு விழா.

கூட்டம் வந்தது, பாய். என் பள்ளிக்கூடத்துப் பெண்கள், சந்தைக்காரர்கள், வேப்பம்பட்டிலிருந்து ரயிலில் வந்த ஒரு குடும்பம். காக்களூர் அத்தை தன் கலசப் பூஜையை நான் வரைந்திருக்கிற படத்தின் முன்னால் நின்று, "என் மூக்குத்தி எங்கடி?" என்று என்னை எல்லோர் முன்னாலும் மடக்கினாள். ஆளுக்கு ஒரு துண்டு பழம் கொடுத்தோம்.

நடுச்சுவருக்கு வந்ததும் எல்லோரும் நின்றார்கள். "இங்க இன்னா படம்?" என்று ஒருவர் கேட்டார். "அங்கே பாய்" என்றேன். அவர் சிரிக்கவில்லை. சுவருக்குப் பக்கத்தில் போய், "ஆமா, இந்த ஒசரம் இருப்பாரு" என்று கையை வைத்துக் காட்டினார். "இன்னும் கொஞ்சம் ஒசரம்" என்றார் ஜட்காக்காரர். காய்கறி விற்கிற அம்மா, முன்பல் இரண்டுக்கும் நடுவில் சந்து உண்டு என்றார். மச்சம் வலது புருவத்தில் என்று ஒருவரும் இடது புருவத்தில் என்று ஒருவரும் அடித்துக்கொள்ளாத குறை. எனக்குத் தெரியும் எது என்று. தாள் என் பையில்தான் இருந்தது. எடுத்துக் காட்டினால் ஒரு நொடியில் வழக்குத் தீர்ந்துவிடும். பையின் வாரை இறுகப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். இந்தக் கண்காட்சியில் நான் செய்த கஷ்டமான வேலை அதுதான்.

அந்தக் கூட்டத்தின் ஓரத்தில் வெள்ளைத் துப்பட்டி போட்ட ஒரு அம்மா நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அக்கா, தன் தம்பியோடு இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். ஒரு பலகை விடாமல் பார்த்தார். கோழி கொத்திய இடத்தைத் தொட்டுப் பார்த்தார். மறுபடி நடுச்சுவருக்கு வந்து, உங்கள் மச்சத்துக்காகச் சண்டை போடுகிறவர்களை கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் முழங்கையைப் பிடித்து, அடுக்கிவைத்திருந்த மிச்சக் கூடைகளுக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனார்.

"அந்தக் காயிதம் வெச்சிக்கினு கீறியா?"

எடுத்துக் கொடுத்தேன். தாளை வெளிச்சத்துப் பக்கம் திருப்பிப் பிடித்தார். எவ்வளவு நேரம் பார்த்தார் என்று எனக்குத் தெரியாது. கூடைகளுக்கு அந்தப் பக்கம் காய்கறி அம்மா இன்னும் கத்திக்கொண்டிருந்தார்.

"மூக்கு இம்மாம் பெருசு இல்ல."

"இவ்வளவுதான் இருந்தது அக்கா."

"நீ தராசாண்ட பாத்த மூக்கு. கிட்டத்துல பாத்தவ நானு." சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரித்துக்கொண்டிருக்கும்போதே துப்பட்டியை எடுத்துக் கண்ணில் வைத்துக்கொண்டார். நான் என்ன செய்வது என்று தெரியாமல் அவர் தோளைப் பிடித்துக்கொண்டேன். இருவரும் அழுதோம், பாய். மறைத்து என்ன ஆகப்போகிறது?

அழுது முடித்ததும் தாளை அவரே மடித்து, என் கையில் வைத்து, விரல்களை மூடினார்.

"கியிச்சுப் போடாத. எங்க ஊட்ல வெக்க முடியாது. உன்கிட்டயே இருக்கட்டும். அவங்க மூஞ்சி எனக்கு என்னிக்கு மறந்துபோவுதோ, அன்னிக்கு வந்து பாத்துக்கறேன். அதுவரிக்கும் நீ உசுரோட இரு."

இருப்பேன் என்று அவரிடம் சொல்லியிருக்கிறேன், பாய்.